புகைக்குக் கணக்கு உண்டு, குடிக்கு?

இங்கிலாந்தில் தெருமுனை மருந்துக் கடைகள் பலவற்றில் பின்பக்கம் ஒரு சின்ன அறை இருக்கும். இரண்டு நாற்காலி போட்டால் இடம் முடிந்துவிடும். சிகரெட்டை விட்டு நான்கு வாரம் ஆனவர் அங்கே வந்து உட்காருகிறார். ஆலோசகர் கையடக்கக் கருவி ஒன்றை நீட்டுகிறார். மூச்சை இழுத்து, பதினைந்து விநாடி அடக்கி, பிறகு குழாய்க்குள் மெல்ல ஊத வேண்டும். நுரையீரலில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று திரையில் எண் ஏறும். பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்குக் கீழே நின்றால், அவர் சொன்னது உண்மை. கடைசி இரண்டு வாரத்தில் ஓர் இழுப்புகூட இழுக்கவில்லை என்று அவரும் சொல்லியாக வேண்டும்.

அந்த எண் அறையோடு நிற்பதில்லை. ஆலோசகரின் படிவத்திலிருந்து உள்ளூர் கவுன்சிலுக்குப் போகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவுன்சிலிலிருந்து தேசியப் புள்ளிவிவரத்துக்குப் போகிறது. அங்கிருந்து லண்டனில் சுகாதார அமைச்சரின் மேசைக்கு. ஒரு சாதாரண மனிதர் விட்ட மூச்சை அரசாங்கம் கூட்டிக் கழித்துப் பார்க்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. சிகரெட்டால் இங்கிலாந்தில் ஆண்டுக்கு சுமார் 64,000 பேர் சாகிறார்கள். அதைத் தடுக்கிற வேலையை உள்ளூர் கவுன்சில்களிடம் ஒப்படைத்துவிட்டு, அவை ஒழுங்காகச் செய்கின்றனவா என்று மேலிருந்து பார்க்க அரசாங்கத்திடம் இருக்கும் சில வழிகளில் இந்த எண்ணும் ஒன்று.

1998இல் டோனி பிளேர் அரசு ‘ஸ்மோக்கிங் கில்ஸ்’ என்ற வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஏழை வட்டாரங்களில் தொடங்கிய சேவை, சீக்கிரமே நாடு முழுக்கப் பரவியது. அப்போது நடத்தியது தேசிய சுகாதார சேவை. எப்படிக் கணக்கெடுப்பது என்பதற்கு லண்டன் மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸலின் பெயரில் ஓர் அளவுகோலும் வந்தது. அதில் ஒரு கறாரான விதி இருக்கிறது. பாதியில் வராமல் போனவர், தொலைபேசியை எடுக்காதவர் எல்லோரையும் ‘இன்னும் புகைக்கிறார்’ என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தோற்றவர்களை மறைத்து விழுக்காட்டை ஏற்றிக் காட்ட வழியில்லை. அரசாங்கக் கணக்குகளில் இத்தனை நேர்மை அபூர்வம். ஆனால் கணக்கு நான்கு வாரத்தோடு முடிந்துவிடுகிறது. ஒரு வருடம் கழித்து அதே ஆட்களைத் தேடிப் போனால், பெரும்பாலோர் கையில் மறுபடி சிகரெட் இருக்கும்.

2011-12இல் சேவை உச்சத்தில் இருந்தது. 8 லட்சத்துக்கும் அதிகமானோர் நாள் குறித்துக்கொண்டு சிகரெட்டை விட முயன்றார்கள். நான்கு வாரக் கணக்குப்படி ஏறக்குறைய 4 லட்சம் பேர் விட்டார்கள்.

ஓராண்டு கழித்து அந்தச் சேவை வீடு மாறியது. சுகாதார அமைச்சராக இருந்த ஆண்ட்ரூ லான்ஸ்லி கொண்டுவந்த 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2013 ஏப்ரல் 1 முதல் பொதுச் சுகாதாரம் தேசிய சுகாதார சேவையிடமிருந்து 152 கவுன்சில்களின் கைக்குப் போனது. யோசனையில் தப்பில்லை. வீடு, பூங்கா, பள்ளிக்கூடம், மதுக்கடை உரிமம் எல்லாமே கவுன்சிலிடம் இருக்கின்றன. மனிதர் நோயாளியாகி மருத்துவமனைக்கு வருமுன் அவர் வாழ்கிற இடத்தைச் சரிசெய்யக் கூடியவர்கள் அவர்கள்தான். முதல் ஆண்டுக்கு 266 கோடி பவுண்ட் மானியம். பொதுச் சுகாதாரத்துக்கு மட்டும் என்று முத்திரை குத்திய பணம், ரோடு போட எடுக்கக் கூடாது. பங்கு பிரித்தது மட்டும் பழைய வழக்கப்படி. முன்பு எந்த ஊரில் எவ்வளவு செலவானதோ, பெரும்பாலும் அதையொட்டியே புது மானியமும். அதிகம் செலவழித்த ஊர் அதிகம் வாங்கியது, தேவை இருந்தும் செலவழிக்காத ஊர் அப்படியே நின்றது.

கவுன்சில்கள் கட்டாயம் செய்ய வேண்டியவை என்று அமைச்சகம் ஒரு பட்டியல் கொடுத்தது. பாலியல் நோய் சிகிச்சை, நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு உடல் பரிசோதனை, பள்ளிப் பிள்ளைகளின் எடையும் உயரமும், தொற்றுநோய்த் தடுப்பு, மருத்துவத் துறைக்கு ஆலோசனை. சிகரெட்டை நிறுத்த உதவுவது அதில் இல்லை. குடிநோய் சிகிச்சையும் இல்லை. இங்கிலாந்தில் அகால மரணத்துக்குப் பெருங்காரணங்களாக இருக்கும் இரண்டும், விரும்பினால் செய்யலாம் என்கிற வகையில் சேர்ந்துவிட்டன. பிள்ளைகளை எடைபோடாத கவுன்சில் சட்டத்தை மீறியதாகும், சிகரெட் ஆலோசகர்களை வீட்டுக்கு அனுப்பிய கவுன்சில் எதையும் மீறியதாகாது.

சரி, கட்டாயமில்லாததை மேலிருந்து எப்படிக் கண்காணிப்பது? முதல் வழி, கையெழுத்து. ஆண்டு முடிவில் கவுன்சிலின் நிதிப் பொறுப்பாளர், பணம் பொதுச் சுகாதாரத்துக்கே செலவானது என்று உறுதியளித்து ஒப்பமிடுவார். இரண்டாவது, செலவுப் படிவம். புகையிலைக்கு ஒரு வரி, குடிக்கு ஒரு வரி என்று தொகை எழுதி அனுப்ப வேண்டும். மூன்றாவது, ஆள். ஒவ்வொரு கவுன்சிலிலும் பொதுச் சுகாதார இயக்குநர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் நியமனத்தில் அமைச்சருக்கும் பங்கு உண்டு. நான்காவது, மானம். எந்த ஊரில் எத்தனை பேர் புகைக்கிறார்கள், குடியால் எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்று ஊர் வாரியாக இணையத்தில் போட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறமடித்துவிடுவார்கள். பக்கத்து ஊர் பச்சையாகவும் நம் ஊர் சிவப்பாகவும் இருந்தால் கவுன்சிலருக்குக் கூச்சம் வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பிளாக்பூல் போன்ற கடற்கரை ஊர்கள் குடிச்சாவிலும், கர்ப்பிணிகள் புகைப்பதிலும் ஆண்டுக்காண்டு சிவப்பிலேயே இருக்கின்றன. அங்கே கூச்சத்துக்குக் குறைவில்லை, குறைவு வேலைவாய்ப்புக்கும் நல்ல வீட்டுக்கும்தான்.

இதையெல்லாம் மேற்பார்க்க பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்று ஓர் அமைப்பு இருந்தது. அது ஆலோசனை சொல்லலாம், ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுக்கலாம். உத்தரவு போட முடியாது. கவுன்சில் உறுப்பினர்கள் மக்கள் ஓட்டில் வந்தவர்கள், லண்டனின் குமாஸ்தாக்கள் அல்லர். தேசியத் தணிக்கை அலுவலகம் 2014 டிசம்பரில் இந்த மானியத்தை ஆராய்ந்தபோது, அந்த அமைப்பின் கையில் பிடித்திழுக்கக் கயிறு குறைவாக இருப்பதைத்தான் முக்கியமான கேள்வியாக எடுத்துக்கொண்டது.

அதற்குச் சில மாதம் முன்பே பிஎம்ஜே மருத்துவ இதழ் கவுன்சில்களைக் கேட்டு விவரம் திரட்டியிருந்தது. நிதி நெருக்கடியில் தவித்த கவுன்சில்கள், முன்பு வேறு கணக்கில் நடந்த வேலைகளைச் சுகாதார மானியத்தின் தலையில் கட்டிக்கொண்டிருந்தது தெரியவந்தது. பூங்கா, உடற்பயிற்சிக் கூடம், கடைச் சோதனை எல்லாமே ஒரு வகையில் ஆரோக்கியம்தானே? படிவத்தில் பொய் இல்லை, கையெழுத்தும் செல்லும். ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவே.

பிறகு மேலிடமே பையில் கைவிட்டது. 2015 ஜூனில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், ஆண்டு நடுவில் 20 கோடி பவுண்டை வெட்டினார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் இறங்குமுகம். விலைவாசியைக் கழித்து, ஆளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால், பத்து ஆண்டுகளுக்குள் மானியம் கால் பங்குக்கு மேல் சுருங்கியது என்கிறது ஹெல்த் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு நிறுவனம். கட்டாயப் பட்டியலில் இல்லாதவைதான் முதலில் வெட்டுப்பட்டன. 8 லட்சம் பேர் வந்த சேவைக்கு, 2020-21இல் 2 லட்சம் பேர்கூட வரவில்லை. பழியை முழுக்கப் பணத்தின் மேல் போட முடியாது. அதற்குள் இ-சிகரெட் வந்துவிட்டது, கொரோனாவில் மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனையே நின்றது. ஆனாலும் சில ஊர்களில் போய் உட்காரவே அறை இல்லாமல் போனது.

வடகிழக்கு இங்கிலாந்தின் கதை வேறு. நிலக்கரிச் சுரங்கமும் கப்பல் கட்டும் துறையும் மூடிப்போன வட்டாரம் அது, நியூகாசில், சண்டர்லேண்ட் எல்லாம் அங்கே. 2005இல் பெரியவர்களில் 29 சதவீதம் பேர் புகைத்தார்கள், நாட்டிலேயே மோசமான இடங்களில் ஒன்று. அந்த ஆண்டு ‘ஃபிரெஷ்’ என்ற வட்டாரத் திட்டம் தொடங்கியது. தனியாக ஒரு கவுன்சில் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யக் கட்டுப்படியாகாது, கள்ளச் சிகரெட்டைத் துரத்தவும் முடியாது. லாரி ஊர் எல்லை பார்த்து நிற்பதில்லை. எனவே உள்ளூர் அமைப்புகள் காசைச் சேர்த்துப் போட்டன, மானியம் வெட்டுப்பட்ட காலத்திலும் கவுன்சில்களில் பெரும்பாலானவை விலகவில்லை. 2022இல் புகைப்பவர்கள் 13 சதவீத அளவுக்கு இறங்கினார்கள், நாட்டின் சராசரிக்கு மிக அருகில். இதை எந்த அமைச்சரும் உத்தரவிட்டுச் செய்விக்கவில்லை. அடிக்கடி தலைமை மாறும் லண்டனைவிட, பதினைந்து இருபது ஆண்டு ஒரே மேசையில் உட்கார்ந்த உள்ளூர் அதிகாரிகளுக்கு விஷயம் கைவசப்பட்டிருந்தது.

குடிக்கு வருவோம். இங்கே ஊதிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்று காலை குடிக்கவில்லை என்பதற்கும் குடியிலிருந்து மீண்டார் என்பதற்கும் இடையே பல ஆண்டுகள் இருக்கின்றன. சிகிச்சை மையத்தில் சேர்பவரிடம் இருபது கேள்விகள் கொண்ட ஒரு தாளை வைத்துக்கொண்டு பேசுவார்கள். போன நான்கு வாரத்தில் எத்தனை நாள் குடித்தீர்கள், குடித்த நாளில் எவ்வளவு, வேலைக்குப் போனது எத்தனை நாள், தங்க இடம் இருக்கிறதா, மனநிலைக்கு இருபதுக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள். கை நடுங்க உட்கார்ந்திருக்கும் ஒருவர் தன் வாழ்க்கைக்கு இருபதுக்கு ஆறு போடுகிறார். மாதங்கள் கழித்து அதே தாள் மறுபடி வரும். ஆறு ஒன்பதாகியிருந்தால் முன்னேற்றம். பெயர் நீக்கப்பட்டு, தலைப்பெழுத்தும் பிறந்த தேதியுமாக அந்த விவரம் தேசியக் கண்காணிப்புக் கணினிக்குப் போகிறது. சிகிச்சையை முடித்துச் சென்றவர் ஆறு மாதத்துக்குள் திரும்பி வராவிட்டால் வெற்றி என்று ஒரு கணக்கு. திரும்பி வராததற்கு அவர் திருந்தியதும் காரணமாகலாம், செத்துப்போனதும் காரணமாகலாம். பின்னதைச் சரிபார்க்கத் தனியாக மரணப் பதிவோடு ஒப்பிட வேண்டும்.

கணக்கை இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தாயிற்று. 2012இல் எட்டு இடங்களில் போதை, குடி சிகிச்சைக்குப் புது ஏற்பாடு செய்தார்கள். கென்ட், விகன், என்ஃபீல்டு எல்லாம் அதில் அடக்கம். மையங்களுக்குப் பணம் முழுவதும் மொத்தமாகக் கிடையாது, அதில் ஒரு பங்காவது குணமாக்கிக் காட்டினால்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆய்வாளர்கள் மற்ற ஊர்களோடு ஒப்பிட்டபோது, இந்த எட்டு இடங்களில் சிகிச்சையை முடித்தவர்களின் விகிதம் ஏறவில்லை, இறங்கியிருந்தது. ஏற்பாடு நாடு முழுக்கப் போகாமல் நின்றது.

சிகிச்சை மையங்களின் தரத்தைப் பார்ப்பது கேர் குவாலிட்டி கமிஷன் என்ற தனி அமைப்பின் வேலை. தங்கியிருந்து குடியையும் போதையையும் இறக்கும் 68 மையங்களைச் சோதித்துவிட்டு, 72 சதவீதம் மையங்கள் அடிப்படை விதிகளில் ஏதாவது ஒன்றையேனும் மீறின என்று 2017இல் அது அறிவித்தது. குடிக்கு அடிமையானவர் திடீரென்று அதை நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். அந்தக் கட்டத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளப் போதிய பயிற்சி இல்லாத ஊழியர்கள் இருந்தார்கள். கமிஷன் மையத்தைச் சோதிக்கும். நோயாளியை அங்கே அனுப்பிப் பணம் கட்டிய கவுன்சில் எதை வாங்கியது, ஏன் வாங்கியது என்று அது கேட்காது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தனியாக யாரும் இல்லை.

கொரோனாவில் குடி வீட்டுக்குள் போனது. குடியால் மட்டுமே நேர்கிற மரணங்கள் பிரிட்டன் முழுவதும் 2019இல் 7,565. 2023இல் 10,473. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில், இங்கிலாந்தில் குடிக்கு அடிமையான சுமார் 6 லட்சம் பேரில் 82 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையிலும் இல்லை என்றது. சிகிச்சைக்கு வருபவர்களில் பலர் நலமடைகிறார்கள், செலவழித்த பணமும் வீண்போவதில்லை. அப்படியிருக்க, ஐந்தில் நான்கு பேர் வெளியே நிற்பதை ஆண்டுக்காண்டு பார்த்துக்கொண்டே இருந்த மேற்பார்வையை என்னவென்பது.

போதைப்பொருள் சிகிச்சையை ஆராய அமர்த்தப்பட்ட மருத்துவப் பேராசிரியர் டேம் கேரல் பிளாக், 2021இல் சுற்றிவளைக்காமல் எழுதினார். இந்த அமைப்பு உடைந்திருக்கிறது, பணத்துக்குத் தனி முத்திரை வேண்டும், பொறுப்பு யாருடையது என்று தெரிய வேண்டும். அதன் பிறகு வந்த கூடுதல் மானியங்களில் ஒரு புது நிபந்தனை நுழைந்தது. பழைய மானியத்திலிருந்து போதை, குடி சிகிச்சைக்குச் செலவழித்ததைக் குறைக்கக் கூடாது, 2020-21இல் காட்டிய தொகைக்குக் கீழே போனால் புதுப் பணம் கிடையாது. புகைக்கும் 2024-25 முதல் ஆண்டுக்கு 7 கோடி பவுண்ட் கூடுதலாக வந்தது. ஆண்டுக்கு 3,60,000 பேரை நாள் குறிக்க வைக்க வேண்டும் என்ற இலக்கோடும், பழைய செலவைக் குறைக்காதே என்ற அதே நிபந்தனையோடும். பத்து ஆண்டு தாமதம் என்றாலும், பை மாற்றும் வித்தைக்கு இது ஒரு பூட்டு. இந்தப் பூட்டால் தண்டிக்கப்பட்டவர்களும் உண்டு. இருந்த காசையெல்லாம் இதிலேயே போட்டு வந்த கவுன்சிலால் இனி ஒரு பென்னிகூட வேறு பக்கம் திருப்ப முடியாது. முன்பே கைகழுவியவர்களுக்குச் சுமை குறைவு.

அலுவலகக் காகிதங்களைத் தாண்டி, இந்தக் கண்காணிப்பு தமிழர் வீட்டு வாசலுக்கும் வருகிறது. ஈஸ்ட்ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் போனால் ஆஃப் லைசென்ஸ் கடைகளில் நிறைய ஈழத் தமிழர்களைப் பார்க்கலாம். காலையில் பாலும் பேப்பரும், இரவில் பியரும் சிகரெட்டும். கவுன்சிலின் வணிகத் தரப் பிரிவு பதினெட்டு வயது ஆகாத பிள்ளை ஒன்றைச் சாதாரணமாகக் கடைக்குள் அனுப்பும். அதிகாரி சற்றுத் தள்ளி நிற்பார். வயது கேட்டால் பிள்ளை பொய் சொல்லக் கூடாது என்பது நடைமுறை. அடையாள அட்டை கேட்காமல் ஒரு சிகரெட் பாக்கெட்டை எடுத்து நீட்டினால், அடுத்த நிமிடம் அதிகாரி கல்லாவுக்கு எதிரே நிற்பார். 2,500 பவுண்ட் வரை அபராதம். கடை முதலாளிகள் ‘இருபத்தைந்து வயசுக்குக் குறைஞ்சவராத் தெரிஞ்சா ஐடி கேள்’ என்று வேலைக்கு வரும் மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவைப்பது இதற்காகத்தான். கள்ளச் சிகரெட்டுக்கு மோப்ப நாய் வரும். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் ரகசியப் பெட்டி கட்டி, தொலைவிலிருந்து பொத்தானை அமுக்கித் திறக்கிற கடைகளும் பிடிபட்டிருக்கின்றன. 2023 முதல் கள்ளச் சிகரெட் விற்பதற்கு 10,000 பவுண்ட் வரை அபராதம் போடலாம். வேடிக்கை என்னவென்றால், ஒரு டின் பியர் விற்க உரிமம் வேண்டும், சிகரெட் விற்க இங்கிலாந்தில் நெடுங்காலம் எந்த உரிமமும் தேவைப்பட்டதில்லை. 2009 ஜனவரி 1க்குப் பின் பிறந்தவர்களுக்கு எந்நாளும் புகையிலை விற்கக் கூடாது என்ற மசோதாவோடுதான் அந்த உரிமத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள்.

மதுவுக்கு உரிமம் இருந்தும் சுகாதார அதிகாரியின் கை கட்டப்பட்டிருக்கிறது. உரிமச் சட்டம் நான்கு நோக்கங்களை மட்டும் சொல்கிறது. குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, தொல்லையைத் தடுப்பது, பிள்ளைகளைக் காப்பது. ஒரே தெருவில் பதினோராவது மதுக்கடை வருகிறது, அந்தத் தெருவில் கல்லீரல் நோய்ச் சாவு அதிகம் என்று பொதுச் சுகாதார இயக்குநர் ஆட்சேபிக்கலாம். ஆனால் கல்லீரல் அந்த நான்கில் எதிலும் வராது. எனவே அவர் ஆம்புலன்ஸ் அழைப்புகளைத் திரட்டுவார், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அடிபட்டு வந்தவர்களின் கணக்கை எடுப்பார், உடல்நலத்தைக் குற்றத் தடுப்பாக மாற்றி எழுதுவார். இப்ஸ்விச் நகரம் சட்டத்தை நம்பாமல் இன்னொரு வழியில் போனது. 2012இல் போலீசும் கவுன்சிலும் கடை கடையாகப் போய், மலிவான, கடுமையான பியரை அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டன. கட்டாயமில்லை, ஆனாலும் பெரும்பாலான கடைகள் எடுத்துவிட்டன.

ஸ்காட்லாந்தின் சட்டத்தில் ஐந்தாவதாக மக்கள் ஆரோக்கியமும் ஒரு நோக்கம். இங்கிலாந்திலும் அதைச் சேர்க்கலாமா என்று 2017இல் பிரபுக்கள் சபைக் குழு ஒன்று ஆராய்ந்தது. ஆரோக்கியம் முக்கியம்தான், ஆனால் அது இருக்க வேண்டிய இடம் உரிமச் சட்டம் அல்ல, மதுக் கொள்கை என்று சொல்லி மறுத்தது. இங்கிலாந்துக்கு மதுக் கொள்கை என்று ஒன்று கடைசியாக வந்தது 2012 மார்ச்சில். அதில் டேவிட் கேமரன் அரசு கொடுத்த பெரிய வாக்குறுதி, மதுவுக்குக் குறைந்தபட்ச விலை. அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டார்கள்.